சால் கேட்ட சாண்ட்விச்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கள் நியூஜெர்சி வட்டாரத்து யூத டெலிக்குள் நுழைந்தால், கவுன்ட்டரில் ஒரே களேபரம்.

டெலி என்றால் இறைச்சியும் ரொட்டியும் ஊறுகாயும் விற்கிற கடை. நாலு மேஜையும் போட்டிருப்பார்கள். அங்கேயே உட்கார்ந்து சாப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்கக்கூட இடம் இருக்காது. அந்தக் கூட்டத்துக்கெல்லாம் முன்னால் நம்மவர் ஒருவர். மஃப்ளர், ஸ்வெட்டர், புத்தம் புது வெள்ளை ஸ்னீக்கர்ஸ். மகன் வீட்டுக்கு வந்திருக்கும் அப்பா என்பதை அந்த ஸ்னீக்கர்ஸே சொல்லிவிட்டது. கோயமுத்தூர்க்காரர் என்பதைப் பேச்சு சொன்னது.

"காப்பிக்குப் பால் ஊத்த மாட்டேங்கறானே! என்ன கடைடா இது?"

"அப்பா, மெதுவா பேசுங்க... இங்க பாலே கெடையாதாம்" என்றான் பக்கத்தில் நின்ற மகன். முகம் சிவந்துபோயிருந்தது.

"பால் இல்லாம என்றா காப்பி? பக்கத்துக் கடைல வாங்கி ஊத்தச் சொல்லு. வேணும்னா நானே போய் வாங்கியாறேன்."

கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவர் பெயர் மோ. அறுபது வயது, தொந்தி, காதில் பென்சில். "நோ மில்க்! மீட் ரெஸ்டாரன்ட்! நெக்ஸ்ட்!" என்று கத்தினார். அவருடைய பேச்சில் பாதிக்கு மேல் 'நெக்ஸ்ட்'தான்.

நான் பெரியவரின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்து வந்தேன். வேறு என்ன செய்வது? பின்னால் இருபது பேர் பசியோடு நிற்கிறார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே பெருமூச்சு விட ஆரம்பித்தாயிற்று.

"சார், இது கோஷர் கடை. அதாவது, யூதர்களுடைய ஆசாரப்படி நடக்கிற கடை. இறைச்சி சமைக்கிற இடத்துக்குள் பால் வரக்கூடாது. பால், தயிர், வெண்ணெய், சீஸ் எதுவும் கூடாது. பாத்திரம் தனி, கத்தி தனி, கழுவுகிற தொட்டிகூடத் தனி. இறைச்சி சாப்பிட்டவர்கள் ஆறு மணி நேரத்துக்குப் பாலைத் தொட மாட்டார்கள். நீங்கள் பாலை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தீர்களானால் அந்த மனிதர் கடையையே கழுவிவிட வேண்டியிருக்கும்."

"அட! நம்மளவிட மோசமா இருக்காங்களே" என்றார் சந்தோஷமாக. "அப்ப நம்ம மாதிரி சைவம் இங்க என்னதானுங்க சாப்பிடறது?"

இந்தக் கேள்வியை எத்தனை பேர்தான் என்னிடம் கேட்டுவிட்டார்கள்! மகன் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நம் கோயிலும் தெரிகிறது, நயாகராவும் தெரிகிறது. வாசலுக்கு எதிரே இருக்கிற கடையில் என்ன கேட்டு வாங்குவது என்று மட்டும் தெரிவதில்லை. போகட்டும், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வாசலில் இருக்கிற மெஷினிலிருந்து நம்பர் சீட்டைக் கிழித்துக்கொள்ள வேண்டும். சீட்டு இல்லாமல் எவ்வளவு நேரம் நின்றாலும் உங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். நம்மவர்கள் இதைச் செய்வதே இல்லை. கண்ணைப் பார்த்துச் சிரித்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நம்பர் வந்ததும் யோசிக்க ஆரம்பிக்காதீர்கள். யோசிப்பதை நிற்கிற இருபது நிமிஷத்திலேயே முடித்துவிடுங்கள்.

சைவத்துக்கு க்னிஷ் உத்தமம். உருளைக்கிழங்கை மசித்து, மாவுக்குள் வைத்து, சதுரமாகச் சுட்டிருப்பார்கள். காரத்தை மறந்துபோன போண்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். கடுகு விழுது தொட்டுக்கொண்டால் தொண்டையில் இறங்கும். அதற்கும் முன்னால், கோழிக் கொழுப்பு சேர்த்ததா என்று கேட்டுவிடுங்கள். இந்தக் கடையில் எண்ணெய்தான். எல்லாக் கடையும் அப்படியில்லை. சூப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். மாவு உருண்டை மிதக்கிறதே, சாதுவாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. அது மிதப்பது கோழிச் சாற்றில். வெள்ளரிக்காய் ஊறுகாயில் இரண்டு தினுசு உண்டு: பாதி புளித்தது, முழுக்கப் புளித்தது. முழுக்கப் புளித்ததைக் கேளுங்கள், நம் நாக்குக்கு அதுதான் சரி. ரொட்டியில் ரை ரொட்டி. சோம்பு மாதிரி ஒரு விதை போட்டதா, போடாததா, துண்டு போட்டா முழுசாகவா என்று மூன்று கேள்வி வரும். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

பக்கத்துக் கடை பேக்கரி. வெள்ளிக்கிழமை காலையில் ஜடை மாதிரி பின்னிய ஹாலா ரொட்டி கிடைக்கும். மத்தியானம் போனால் தீர்ந்திருக்கும். முட்டை இருக்கிறதா என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. நான் அந்த விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு மூன்று வருஷமாகிறது. உங்கள் கண் உங்கள் சௌகரியம். பாலும் காபியும் வேண்டும் என்றால், இரண்டு கடை தள்ளிப் பால் பண்டங்களுக்கென்றே ஒரு கோஷர் கடை இருக்கிறது. அங்கே இறைச்சி வாசனைகூட வராது. மெல்லிய தோசைக்குள் இனிப்பு சீஸ் வைத்து மடித்த பிளின்ட்ஸ் அங்கே விசேஷம்.

இவ்வளவையும் சொன்னதும் கோயமுத்தூர்க்காரர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இத்தன வெவரமும் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களே! பெரிய விஷயமுங்க."

அந்தப் பாராட்டுதான் குத்தியது.

எல்லா விவரமும் தெரிந்துதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தெரியாமல் செய்திருந்தால் இந்த வாரம் உங்களுக்கு வேறு ஏதாவது எழுதியிருப்பேன்.

சென்ற நவம்பரில் நடந்தது இது. பக்கத்து வீட்டில் சால் என்று ஒரு யூதப் பெரியவர். எழுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். நான் திருநெல்வேலியில் முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தியவன். இரண்டு ரிட்டயர்ட் வாத்தியார்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தால் என்ன ஆகும்? நடை, பேச்சு, சண்டை. இந்த ஊரில் என் முதல் பனிக்காலத்தில் நான் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தபோது, ஒரு ஜோடி பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டியவர் அவர். "புரொபசர், போட்டுக்கொள். நடப்போம்" என்றார். நடந்து போய்ச் சேர்ந்த இடம் இந்த டெலி. நம்பர் சீட்டு கிழிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. பிறகு வியாழக்கிழமைதோறும் போனோம். அவருக்கும் க்னிஷ், எனக்கும் க்னிஷ். இப்படியே இரண்டு வருஷம்.

அவருடைய மனைவி மிரியம் அந்த நவம்பரில் காலமானார். ஞாயிற்றுக்கிழமை அடக்கம். அதன்பின் ஏழு நாள் துக்கம் காப்பார்கள். துக்கக்காரர் வெளியே போவதில்லை, சமைப்பதில்லை. தாழ்வான முக்காலியில் உட்கார்ந்திருப்பார். கண்ணாடிகளைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். வாசல் கதவு பூட்டியிருக்காது. மணி அடிக்காமல் உள்ளே போகலாம். சாப்பாடு அக்கம்பக்கத்தார் பொறுப்பு. நம் ஊரிலும் துக்க வீட்டில் அடுப்பு எரியாது, சொந்தக்காரர்கள்தானே சாதம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்? அதனால் எனக்கு இதில் எதுவும் புதிதாகத் தெரியவில்லை.

புதிதாகத் தெரிந்தது வேறு. சால் சாப்பிடவில்லை. ஞாயிறு இல்லை, திங்கள் இல்லை, செவ்வாயும் இல்லை. தண்ணீரும் இரண்டு வாய் ஆப்பிள் ஜூஸும்தான். சர்க்கரை நோயாளி வேறு. நாளைக்கும் இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதுதான் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார். அவருடைய தங்கை எஸ்தர் புரூக்ளினிலிருந்து வந்து கூடவே இருந்தாள். எழுபது வயசுக்காரி, ஆசாரத்தில் நெருப்பு. அவள் கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டை எங்கள் வீட்டுச் சார்பில் கடையில் வாங்கிக்கொண்டு வருகிறோம் என்று என் மருமகள் சுதா ஏற்றுக்கொண்டிருந்தாள். அன்று காலை ஆபீஸ் போகிற வழியில் அங்கே எட்டிப் பார்த்துவிட்டு, ஓட்டமாகத் திரும்பி வந்தாள்.

"மாமா! சால் அங்கிள் வாயத் தொறந்து கேட்டுட்டார்! அந்த டெலி பாஸ்ட்ராமி சாண்ட்விச் ஒண்ணு இருந்தா சாப்பிடுவேன்னு சொன்னார். எஸ்தர் ஆன்ட்டி அழுதே அழுதுட்டாங்க."

பாஸ்ட்ராமி என்பது மசாலா தடவி, புகையில் வேகவைத்து, மெல்லிய தகடுகளாக அரிந்த மாட்டிறைச்சி. அந்தக் கடைக்குப் பெயரே அதில்தான்.

"போன்ல ஆர்டர் பண்ணணும்னா ஒரு நாள் முன்னாடியே சொல்லணுமாம். இன்னிக்கே வேணும்னா நேர்ல போய் நின்னாதான் உண்டு. எனக்கு ஆபீஸ்ல ஒய்டூகே டெஸ்டிங், அஞ்சு மணிக்கு முன்னாடி நகர முடியாது. ரகுவும் ஊர்ல இல்ல." ரகு என் மகன். திங்கட்கிழமை டெக்சாஸில் பிளானோவுக்குப் பறந்தால் வெள்ளிக்கிழமைதான் திரும்புவான். "நீங்க நாலு மணிக்கு நடந்து போய் ஆர்டர் பண்ணிடுங்க. அஞ்சரைக்கு நான் கார்ல வந்து பிக்கப் பண்ணிக்கிறேன்."

ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள். பன்னிரண்டு பேருக்கு இறைச்சித் தட்டு ஒன்று. சாலுக்குத் தனியாகப் பாஸ்ட்ராமி சாண்ட்விச். ரை ரொட்டி, ஊறுகாய். எல்லாவற்றையும் கடைக்காரரே டேப் ஒட்டி சீல் வைத்துத் தர வேண்டும்.

எழுதி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, உங்களால முடியுமா? கஷ்டம்னா இப்பவே சொல்லிடுங்க. ஆபீஸ்ல யாரையாவது கேக்கறேன்."

"இதுல என்னம்மா கஷ்டம்? நான் பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வீம்பு. வேறென்ன? எழுபத்தோரு வயதில் மருமகளிடம் 'என்னால் முடியாது' என்று சொல்வதாவது!

எங்கள் வீட்டில் எவ்வளவு கடுமையான சைவம் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இறைச்சியின் பெயரைச் சொல்லுவதையே அசிங்கமாக நினைத்து வளர்ந்தவன் நான். ஒரு தடவை கல்லூரி டூர் பஸ்ஸில் ஒரு மாணவன் மீன் பொரியல் பொட்டலத்தைப் பிரித்தான். அவனை எழுப்பிக் கடைசி சீட்டுக்குப் போகச் சொன்னேன். ராமேஸ்வரத்திலிருந்து திருநெல்வேலி வரை அவன் அங்கேயே குலுங்கிக்கொண்டு வந்தான். அன்றைக்கு அது ஒழுங்கு நடவடிக்கை என்று எனக்குத் தோன்றியது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஆனால் புதன்கிழமை மாலை அந்தக் கவுன்ட்டர் முன்னால் போய் நின்றவன் கூசுகிற ஆள் இல்லை. பஸ்ஸில் அதட்டிய ஆள்தான்.

நம்பர் அறுபத்திரண்டு. சாலோடு வருகிற நாட்களில் நான் கவுன்ட்டர் பக்கமே வருவதில்லை. மேஜையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் வாங்கிக்கொண்டு வருவார். அன்றுதான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். ஆவி பறக்கும் பெரிய சிவப்புப் பாளம். ஓரத்தில் கொழுப்பு மினுங்குகிறது. மோ நீளக் கத்தியால் அரிந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் கத்தினார்.

"சிக்ஸ்டி டூ!"

"ஒன்... க்னிஷ்" என்றேன்.

ஒரு க்னிஷைப் பையில் போட்டு என் பக்கம் தள்ளினார். "நெக்ஸ்ட்!"

திரும்பவும் வாசலுக்குப் போய் நம்பர் கிழித்தேன். எழுபத்தொன்று. இந்த முறை தாளைப் பார்த்துப் படித்துவிடுவது என்று முடிவு செய்தேன். சின்ன வார்த்தைதானே? அணுக் கட்டமைப்பு நடத்தியவனுக்கு ஒரு வார்த்தை வாயில் வராதா?

"செவன்ட்டி ஒன்!"

"ஒன் க்னிஷ்."

இரண்டு க்னிஷ் பைகளோடு தெருவில் நின்றேன், ஐயா. மணி ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம். இருட்டிவிட்டது. குளிர்.

அப்போது மனசு ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தது. துக்க வீட்டில் யாராவது இறைச்சி சாப்பிடுவார்களா? பாவம், துக்கத்தில் புரியாமல் கேட்டிருப்பார். வயதானவருக்கு வெறும் வயிற்றில் இது செரிக்குமா? பால் பண்டம்தான் உடம்புக்கு நல்லது. அதோ இரண்டு கடை தள்ளி இருப்பதும் கோஷர் கடைதானே? எல்லாம் அவர்கள் ஆசாரப்படிதானே?

மத்தியானம் அவர்கள் கோழி சாப்பிட்டிருந்தால் இரவு வரை பாலைத் தொட முடியாது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மத்தியானம் ஒரு மணிக்கு மேல், அவர்களுடைய ஜெபக்கூடத்துப் பெண்கள் கோழி கொண்டுபோய்க் கொடுத்ததை எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பால் கடைக்குள் போனேன். அங்கே நாக்கு என்னமாய்ப் புரண்டது! பன்னிரண்டு பேருக்கு பிளின்ட்ஸ், நூடுல்ஸும் தயிர்ப்பாலாடையும் சேர்த்துச் சுட்ட கூகல், புளிப்புக் க்ரீம் எல்லாம் கடகடவென்று சொன்னேன். சீல் வைத்துக் கொடுத்தார்கள்.

ஐந்தரைக்கு சுதா காரோடு வந்தாள். தட்டுகளைப் பின் சீட்டில் வைத்தோம்.

"எல்லாம் ஆச்சா மாமா?"

"ஆச்சும்மா."

சால் வீட்டுக் கதவைத் தள்ளி உள்ளே போனோம். ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலர் கிழிந்திருந்தது. அதுவும் துக்க வழக்கம்தான். மூன்று நாளில் கன்னம் உள்ளே போயிருந்தது. தட்டுகளைப் பார்த்ததும் தலையைத் தூக்கினார். மூக்கு ஒரு தடவை விரிந்தது.

"வாசனை வரவில்லையே?" என்றார்.

எஸ்தர் டேப்பில் இருந்த முத்திரையைப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சுதாவைப் பார்த்து, "டெய்ரி" என்று மட்டும் சொன்னாள். மத்தியானம் கோழி சாப்பிட்ட ஏழெட்டுப் பேர் நடுவில் பன்னிரண்டு பேருக்கான சீஸ்!

சுதா என் பக்கம் திரும்பினாள். "மாமா?"

நான் சாலின் முன்னால் போய் நின்றேன். "நான் கேட்கவே இல்லை சால். வாய் வரவில்லை. நீ கேட்டது தெரியும். மற்றவர்கள் கோழி சாப்பிட்டதும் தெரியும். தெரிந்தேதான் வேறு வாங்கி வந்தேன்."

கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கையை லேசாக அசைத்தார், ஈ ஓட்டுவது போல.

"பரவாயில்லை புரொபசர். எனக்கும் அப்படி ஒன்றும் பசியில்லை."

அதுதான் பயங்கரம். மூன்று நாளில் ஒரு தடவை திறந்த கதவு. நான் அதைச் சாத்திவிட்டு நிற்கிறேன். எஸ்தர் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய் கராஜ் ஃப்ரிட்ஜில் வைத்தாள். "காலையில் சாப்பிடுவோம். வீணாகாது" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுதா திட்டினாள். காரில் ஏற்றி, சீட் பெல்ட்டைக்கூட அவளே இழுத்து மாட்டிவிட்டு ஆரம்பித்தாள்.

"மாமா, முடியலன்னா முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் உங்கள ஃபோர்ஸ் பண்ணினேனா? கஷ்டமான்னு கேட்டேன்ல?"

"துக்க வீடுன்னு நெனச்சேம்மா..."

"துக்க வீட்ல என்ன சாப்பிடணும்னு அவங்களுக்குத் தெரியாதா? மூவாயிரம் வருஷமா ரூல் வச்சிருக்காங்க, நீங்க போய்த் திருத்தணுமா?"

"இல்லம்மா..."

"நானே ஆபீஸ்ல டர்க்கி சாண்ட்விச்தான் சாப்பிடறேன், தெரியுமா உங்களுக்கு? இதுக்கு முன்னாடி சொல்லலை, இப்ப சொல்றேன். வீட்டை விட்டுத் தொரத்தணும்னா தொரத்திக்கோங்க!"

வான்கோழி இருக்கட்டும். அது யார் வீடு, யார் யாரைத் துரத்துவது? ஆனால் அதைச் சுட்டிக்காட்டும் நிலைமையில் நான் இல்லை. வண்டி கடை வாசலில் நின்றது. ஏழு மணிக்கு மூடிவிடுவார்கள். ஆறே கால். அவள் இன்ஜினை நிறுத்தவில்லை.

"நான் உள்ள வரமாட்டேன். நீங்களே போய்க் கேளுங்க" என்றாள்.

நம்பர் தொண்ணூற்றெட்டு. கூட்டம் குறைந்திருந்தது. மோ என் கையில் சீட்டைப் பார்த்ததும், "மறுபடியும் க்னிஷா?" என்றார். ஆக, தலை நிமிராமலேயே எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்!

"பாஸ்ட்ராமி" என்றேன்.

ஒன்றும் ஆகவில்லை. கூரை இடிந்து விழவில்லை. நாக்கு அறுந்து போகவில்லை. எழுபத்தோரு வருஷம் இதற்கா பயந்தேன் என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"கொழுப்பு உள்ளதா, இல்லாததா? ஒரு சாண்ட்விச்சா? எந்த ரொட்டி?"

எனக்கு என்ன தெரியும்? இரண்டு வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அவருக்கு எது பிடிக்கும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"தெரியவில்லை. சாலுக்கு" என்றேன்.

மோ கத்தியை அப்படியே நிறுத்தினார். முகம் மாறியது.

"சாலுக்கா? அதை முதலிலேயே சொல்லக்கூடாதா? சாய்ந்திரம் இரண்டு தடவை வந்து நின்றாயே!" நீளக் கத்தியை நீட்டி எண்ணிக் காட்டினார். "கொழுப்போடு. கையால் அரியணும், மெஷினில் கூடாது. விதை போட்ட ரை. கடுகு மட்டும், வேறு ஒன்றும் வைக்கக்கூடாது. செவ்வாய்க்கிழமை தனியாக வருவான், இதுதான் சாப்பிடுவான். வியாழக்கிழமை உன்னோடு வரும்போது க்னிஷ் வாங்குவான்." அரிந்துகொண்டே சொன்னார். "அவனுக்குக் க்னிஷ் பிடிக்கவே பிடிக்காது. சின்ன வயசிலிருந்தே. 'என் நண்பர் இறைச்சியைப் பார்க்கச் சகிக்க மாட்டார்'னு சொல்லுவான். நான் கேலி பண்ணுவேன்."

கவுன்ட்டர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமைகளில் அவர் க்னிஷில் பாதியை வைத்துவிடுவார். 'வயசாயிற்று, பசி கம்மி' என்பார். நான் அதற்கு ஒரு பிரசங்கமே செய்திருக்கிறேன், மிதமான உணவின் நன்மை பற்றி! சைவ உணவு உனக்கும் ஒத்துக்கொண்டது பார்த்தாயா என்று பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். அவரும் தலையாட்டினார். நூறு வியாழக்கிழமை, எனக்காக ஒரு மனிதன் பிடிக்காத பண்டத்தைத் தின்றிருக்கிறான். அவனுக்காக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ஒரு புதன்கிழமை மாலை போதவில்லை.

சாலுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு எட்டு. மோ எல்லாவற்றையும் சீல் வைத்தார். சாலுடையதை மட்டும் இரண்டாவது காகிதத்தில் சுற்றினார். "சூடு போகக்கூடாது. மடியில் வைத்துக்கொள்" என்றார்.

மடியில் வைத்துக்கொண்டேன். வேட்டி கட்டுகிற காலத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். பொட்டலம் தொடையில் கதகதவென்று இருந்தது. சுதா ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

சால் வீட்டில் இரவு ஜெபத்துக்கு இன்னும் அரை மணி இருந்தது. எஸ்தர் முத்திரையைப் படித்தாள், டேப்பைக் கிழித்தாள், ஒரு காகிதத் தட்டில் அதை எடுத்துவைத்தாள். இப்போது வாசனை அறை முழுக்க வந்தது. நான் சாலின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் சாண்ட்விச்சின் பாதியைக் கையில் எடுத்தார். வாய் வரைக்கும் கொண்டு போனார், அங்கேயே நிறுத்தினார். எஸ்தர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுதா வாசலில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நிற்கிறாள். சால் என் பக்கம் திரும்பினார்.

"புரொபசர், உனக்குச் சங்கடமாக இருந்தால் அடுத்த அறையில் போய் உட்கார்ந்துகொள். நான் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்."

மூன்று நாள் பட்டினி கிடந்தவன் கேட்கிற கேள்வியா இது? இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா? வாழ்க்கையில் எனக்கு யார் மேலும் அவ்வளவு கோபம் வந்ததில்லை.

"பேசாமல் சாப்பிடு, சால்!" என்று கத்தினேன்.

துக்க வீட்டில் கத்தியதற்கு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சால் மட்டும் பார்க்கவில்லை. அவர் மென்றுகொண்டிருந்தார்.